எதிரில் இருப்பவரின் ஆள்

அவர் ஒருவர் பேசுவதைக் கேட்கும் விதமே தனி. கையில் ஈயம் வைக்கும் சால்டரிங் அயர்ன் இருந்தால் அதைத் தாங்கியில் வைத்துவிட்டு, பிளக்கையும் பிடுங்கிவிடுவார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். பிறகு முழு முகத்தையும் வந்தவர் பக்கம் திருப்புவார். அந்த முகத்துக்கு முன்னால் உட்கார்ந்தவருக்கு, இந்தக் கடைக்குத் தன்னைத் தவிர வேறு வாடிக்கையாளரே கிடையாது என்று தோன்றும். சொல்ல வந்ததைச் சொல்லி முடித்ததும் அவரிடமிருந்து ஒரு சொல் வரும்.

"அதுக்கென்ன."

முடியும், செய்கிறேன், நாளைக்கே தருகிறேன், நீங்கள் சொல்வதுதான் சரி, எல்லாவற்றுக்கும் அவரிடம் அந்த ஒரு சொல்தான்.

தென்காசியில் கோயில் பக்கத்துக் கடைத்தெருவில் அவருடைய ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. நான் முதன்முதலாகப் போனது 1975 கார்த்திகையில். படிக்கிற காலத்திலிருந்தே நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். முதல் நாள் குறிப்பு: "டிரான்சிஸ்டரில் கரகரப்பு. வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னார். நல்ல மனிதர்." அடுத்த வாரம்: "ஏதோ பாகம் மதுரையிலிருந்து வர வேண்டுமாம். நல்ல மனிதர்." மூன்றாவது வாரமும் ஏறக்குறைய இதே வரிகள். நான்காவது முறை போனபோது, அலமாரியில் இருந்த என் டிரான்சிஸ்டரைச் சுற்றி நான் கட்டிக் கொடுத்த சணல் கயிறு நான் போட்ட முடிச்சோடு அப்படியே இருப்பதைப் பார்த்தேன். ஆனாலும் நான்கு முறையும் நான் சந்தோஷமாகத்தான் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன். ஐந்தாவது முறை போனேன். என் கண்ணெதிரிலேயே பிரித்துப் பத்து நிமிடத்தில் சரிசெய்து கொடுத்துவிட்டார்.

கடையில் மைக் செட்டும் வாடகைக்கு விட்டார். ஒருமுறை ஒரே முகூர்த்தத்துக்கு ராயகிரியிலிருந்து வந்தவர்களிடமும் மேலகரத்துக்காரர்களிடமும் ஒப்புக்கொண்டுவிட்டார். இருந்தது ஒரு செட். ஆம்ப்ளிஃபயரை ஒரு கல்யாணத்துக்கும் குழாய் ஸ்பீக்கர்களை இன்னொரு கல்யாணத்துக்கும் அனுப்பினார். இரண்டு வீட்டிலும் சத்தமே இல்லாமல் தாலி கட்டினார்கள். மறுநாள் ராயகிரிக்காரர் சண்டைக்கு வந்தார். அரை மணி நேரம் கழித்து அவர் காப்பி குடித்துவிட்டு, "அண்ணாச்சி, எளையவ கல்யாணத்துக்கும் நீங்கதான் செட்டு போடணும்" என்று சொல்லிவிட்டுப் போனதை நான் பார்த்தேன்.

இதையெல்லாம் வைத்து அவரை ஏமாற்றுக்காரர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவருடைய கை பொய் சொல்லாது. பெங்களூரில் ஒரு பெரிய தொழிற்சாலையில் பத்து வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அவர் வைத்த ஈயப் புள்ளியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பகுதியில் கம்ப்யூட்டர் என்ற பெயரைப் பத்திரிகையில் படித்தவர்களே குறைவு. அப்போது அவர் மேலகரத்தில் ஓட்டு வீடு ஒன்றைப் பிடித்து, ஒற்றைப் போர்டில் அடங்கும் கம்ப்யூட்டர் செய்துகொண்டிருந்தார். பாடப் புத்தகத்தை விரித்து வைத்த அளவு பச்சைப் பலகை. அதில் ஒரு பிராசசர், சில மெமரி சிப்புகள், கால்குலேட்டரில் இருப்பதுபோல் பொத்தான்கள், சிவப்பாக எரியும் ஆறு எண்கள். பாலிடெக்னிக் மாணவர்கள் அதில் பழகலாம். வெளியூர்க் கம்பெனிகள் செய்த போர்டுகளுக்கு இது ஒரு மாற்றுக் குறைந்ததில்லை.

நான் 1981இல் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் ஆய்வகப் பயிற்றுநராகச் சேர்ந்தேன். டெம்பரரி. அதுவரை தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் அன்றிலிருந்து சார் என்று மாறினார். வேண்டாம் அண்ணாச்சி என்றால் கேட்கவில்லை.

"சார், எனக்குக் கை ஓடுது. எழுத்து ஓட மாட்டேங்குது. இந்தப் போர்டுக்கு ஒரு பொஸ்தகம் வேணும். நீங்கதான் எழுதணும்."

"நான் எழுதினா உங்களுக்குப் பிடிக்கணுமே அண்ணாச்சி."

"அதுக்கென்ன. நீங்க எழுதுறதுதான் பொஸ்தகம்."

1985 வைகாசியிலும் ஆனியிலும் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளை மேலகரத்தில் கழித்தேன். மூன்று பெண்கள் வரிசையாக உட்கார்ந்து போர்டுகளில் ஈயம் வைப்பார்கள். மூத்தவள் செல்வி. இரண்டு பிள்ளைகளின் தாய். வாய் ஓயாது, கையும் ஓயாது. சாரல் தொடங்கிவிட்டால் அந்த வீட்டில் சுவரே வியர்க்கும். ஈரம் ஏறிய போர்டு தாறுமாறாக எண் காட்டும். மரப்பெட்டி ஒன்றுக்குள் நூறு வாட்ஸ் பல்பை எரியவிட்டு, அதில் போர்டுகளை அடுக்கிக் காய வைப்பார்கள். "அப்பளம் காஞ்சிட்டா பாரு" என்பாள் செல்வி, பக்கத்தில் இருப்பவளிடம்.

அந்தக் காலைகளில் எங்களுக்கு இருந்த வேலை, போர்டில் எவையெல்லாம் முதலிலேயே இயங்கும் நிலையில் இருக்க வேண்டும், எவையெல்லாம் மூடியிருக்க வேண்டும் என்று முடிவு செய்வது. போர்டில் ஆறு இடங்களில் லிங்க் இருந்தது. லிங்க் என்றால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கம்பிக்கால்கள். அவற்றைச் சின்னக் கம்பியால் ஈயம் வைத்து இணைத்துவிட்டால் அந்த வசதி உயிர் பெறும். இணைக்காமல் மூடி வைத்தால் அது போர்டில் இருந்தும் இல்லாதது போலத்தான்.

கேசட் ரெக்கார்டரில் புரோகிராமைப் பதிவு செய்யும் வசதிக்கு ஒரு லிங்க். அதை இணைத்தே அனுப்புவது என்பதில் எங்களுக்குள் பேச்சே எழவில்லை. வெளியிலிருந்து வரும் சமிக்ஞை பிராசசரின் வேலையை இடைமறிக்கும் வழிக்கு இன்னொன்று. அதை மூடி வைக்கலாம் என்றேன், புதிதாகப் படிப்பவர் மிரண்டுபோவார் என்பதால். ஸ்பீக்கருக்கு ஒரு லிங்க் உண்டு. மின்சாரம் சேமிக்க அதையும் மூடலாம் என்று சொன்னபோது அவர் முகம் வாடியது.

"சார், சுச்சுப் போட்டதும் ஒரே ஒரு கீச்சு கேட்கணும் சார். உசுரு இருக்குன்னு தெரியணும்லா. ஒண்ணுமே கேக்கலன்னா பயபுள்ளைய கருகிப்போச்சுன்னு நெனைச்சிருவானுவ."

அவர் சொன்னது சரி. ஒப்புக்கொண்டேன்.

ஆறாவது லிங்க்தான் முக்கியம். வெற்று மெமரி சிப் ஒன்றில் புரோகிராமை நிரந்தரமாக எழுதும் சாக்கெட் போர்டின் ஓரத்தில் இருந்தது. போர்டு முழுக்க ஓடுவது ஐந்து வோல்ட்டில். எழுதுவதற்கு மட்டும் இருபத்தைந்து வோல்ட் வேண்டும். அந்த லிங்க் இணைந்திருந்தால் சாக்கெட்டில் எந்நேரமும் இருபத்தைந்து வோல்ட் நிற்கும். போர்டு ஓடும்போது சிப்பைச் செருகினாலோ பிடுங்கினாலோ சிப் போய்விடும். சமயத்தில் பிராசசரையும் கூட்டிக்கொண்டு போகும்.

"அண்ணாச்சி, இதை யாரும் நம்மகிட்ட வந்து கேட்கப் போறதில்லை. போர்டு நம்ம கையை விட்டுப் போன பிறகு யார் தொடுவான்னு நமக்குத் தெரியாது. அவன் இங்கே இல்லை. அவனுக்குப் பதிலா நாம யோசிக்கிறோம். அதனால இது மூடித்தான் இருக்கணும். வேணும்கிறவன் தெரிஞ்சு திறந்துக்கட்டும்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. நான் மிகைப்படுத்தவில்லை.

"இத்தன வருசத்துல எனக்கு யாரும் இப்பிடிச் சொன்னதில்ல சார். இங்கன இல்லாதவனுக்காக யோசிக்கிறது. அதுக்கென்ன சார், மூடியே வைப்போம்."

ஒரு நோட்டில் லிங்க் எண், இணைப்பதா மூடி வைப்பதா, ஏன் என்று கோடு போட்டு எழுதினேன். அடியில் இருவரும் கையெழுத்திட்டோம். புத்தகத்தின் ஒன்பதாம் பக்கத்தில் இப்படி எழுதினேன்: "ஆறாவது லிங்க் இணைக்கப்படாத நிலையிலேயே உங்களுக்குத் தரப்படுகிறது. ஆகவே போர்டு இயங்கிக்கொண்டிருக்கும்போதும் சாக்கெட்டில் சிப்பைப் பொருத்திப் பழகலாம். ஆபத்தில்லை." பயந்துகொண்டே தொடும் மாணவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காக யோசித்து எழுதிய வரி. அச்சகத்திலிருந்து அட்டை வந்தபோது அதில் என் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அவர் ஏற்பாடு.

அந்த ஆனியில்தான் குற்றாலத்தில் நடந்த ஒரு விஷயத்தையும் எழுதி வைத்திருக்கிறேன். சீசனில் ஒரு லாட்ஜ்க்காரர் வாசலில் பாட்டுப் போட இவர்தான் ஸ்பீக்கர் கட்டியிருந்தார். சத்தம் இன்னும் வேண்டும் என்றார் முதலாளி. மாடியில் தங்கியிருந்த குடும்பம் குழந்தை தூங்கவில்லை, குறையுங்கள் என்றது. இருவரிடமும் அதுக்கென்ன என்றார். குடும்பத்துக்காகச் சத்தத்தைக் குறைத்து உள்ளேயே பூட்டிவிட்டார். முதலாளிக்காக மேசை மேல் புதிதாக ஒரு குமிழ் வைத்துக் கொடுத்தார். அந்தக் குமிழுக்குப் பின்னால் கம்பியே கிடையாது. முதலாளி அதை வலப்பக்கம் முழுக்கத் திருப்பி, "இப்பத்தான் கேக்குது" என்றார். வரும் வழியில் இதை அவரே சொன்னார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அன்றைய குறிப்பில் சிரித்ததைத்தான் எழுதியிருக்கிறேன். எனக்கும் ஒரு குமிழ் வைத்திருப்பாரோ என்று யோசித்ததாக ஒரு வரி இல்லை.

இருபது போர்டுகளை எங்கள் பாலிடெக்னிக்கே வாங்கியது. சிபாரிசு செய்தவன் நான். அந்தப் பருவத்தில் புதிய ஆய்வகம் ஒழுங்காக நடந்துவிட்டால் எனக்குப் பெர்மனென்ட் ஆர்டர் தருவதாக முதல்வர் சொல்லியிருந்தார். நான்கு வருஷமாக ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் மறுபடி கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று காத்திருந்தவன் நான். என் மனைவி அந்த ஆர்டரை நம்பி, தென்காசியிலேயே மகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டாள்.

முதல் ஆய்வக வகுப்பு ஒரு செவ்வாய்க்கிழமை. போர்டுகள் எல்லாம் கீச் கீச்சென்று கண் விழித்தன. மாணவர்கள் சிரித்தார்கள். ஒருவன் ஒன்பதாம் பக்கத்தைச் சத்தம் போட்டு வாசித்தான். "ஆபத்தில்லை" என்று முடித்துவிட்டுச் சிப்பைச் செருகினான். எண்கள் அணைந்தன. கருகல் வாசனை வந்தது. சிப்தான் பழுது என்று நினைத்து நானே இன்னொன்று எடுத்துக் கொடுத்தேன். அதுவும் போயிற்று. அதற்குள் மற்ற மேசைகளிலும் அதே வரியைப் படித்து அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். நிறுத்துங்கள் என்று நான் கத்தியபோது பதினோரு போர்டுகள் போயிருந்தன. ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். ஆறாவது லிங்கில் கம்பி இருந்தது. குறை சொல்ல முடியாத ஈயப் புள்ளி.

மதியமே மேலகரத்துக்குப் பஸ் ஏறினேன். அவர் இல்லை, செங்கோட்டைக்குப் போயிருந்தார். செல்வி இருந்தாள்.

"ஆறாவது லிங்க்கை யாரு ஒட்டுனது?"

"நாங்கதான் சார். ஒங்களுக்குத் தெரியாதா? போன சனிக்கிழம சாயங்காலம் ஒங்க பெரிய சார் வந்துருந்தாவளே."

பெரிய சார் என்றது எங்கள் துறைத் தலைவரை.

"அருவியில குளிச்சிட்டு, தலையில துண்டோட, கூட ரெண்டு விருந்தாளுங்க. எங்க காலேஜுக்கு வர்ற கம்ப்யூட்டரப் பாருங்கன்னு கூட்டிட்டு வந்தாவ. சிப்பு எழுதிக் காட்டுன்னாவ. அதுக்கு அண்ணாச்சி, இது மூடியிருக்கு சார், கம்பி ஒட்டணும், கொஞ்சம் பொறுங்கன்னாவ. விருந்தாளு சிரிச்சிட்டாரு. ஒங்க சாருக்கு மொகம் செத்துப்போச்சு. வாங்குற சாமான்ல எல்லாம் ஓட வேண்டாமா, சுச்சுப் போட்டா அத்தனையும் ஓடணும்யான்னாவ."

"அண்ணாச்சி என்ன சொன்னாவ?"

செல்வி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "என்ன சொல்லுவாவ? நீங்க புதுசா கேக்கிய."

இருபதிலும் அன்று மாலையே ஒட்டியிருக்கிறார்கள். புத்தகத்தை மாத்தணுமே என்று செல்வி கேட்டிருக்கிறாள். சார்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன் என்று சொன்னாராம். அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை வரை நான் அவர் எதிரில் போய் உட்காரவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

வியாழக்கிழமை விசாரணை. முதல்வர் அறைக்கு வெளியே பெஞ்சில் என்னை உட்கார வைத்தார்கள். இடையில் ஒரு பாதிக் கதவுதான். உள்ளே முதல்வர், துறைத் தலைவர், அவர்.

"நான் குளிச்சிட்டு வர்ற வழியில சும்மா எட்டிப் பார்த்தேன். லிங்க்கைப் பத்தி நான் ஏதாவது சொன்னேனாய்யா?" இது துறைத் தலைவர்.

"இல்ல சார்."

"பின்னே நீங்களா ஒட்டினீங்களா?" இது முதல்வர்.

அவர் கண்ணாடியைக் கழற்றியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

"பொஸ்தகம் எழுதுன சார் சொன்னபடிதான் சார் செய்யிறது. எனக்குக் கைவேலைதான் தெரியும்."

"அப்போ அவர் ஒட்டச் சொல்லிட்டு, புத்தகத்துல இணைக்கலைன்னு தப்பா எழுதிட்டார். அப்படித்தானே?"

"அப்பிடித்தான் இருக்கும் சார்."

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தவர் என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அப்படியே வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கை சூடாக இருந்தது.

"பயப்படாதிய சார். ஒங்க பேரு வராமப் பாத்துக்கிட்டேன்."

நான் எதையும் கேட்காதவன் என்று நினைத்து அவர் அதைச் சொல்லியிருந்தால் அது பொய். பாதிக் கதவுக்கு அந்தப் பக்கம் பேசினால் இந்தப் பக்கம் கேட்கும் என்பது அவருக்குத் தெரியாததில்லை. என்னைப் பார்த்த கணத்தில், என் பெயரைக் காப்பாற்றியதாக அவர் உண்மையாகவே நம்பினார். இன்று வரை என் முடிவு இதுதான். இந்த முடிவு எனக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை.

அந்த நோட்டைக் கேட்டேன். இருவரும் கையெழுத்துப் போட்ட நோட்டு.

"ஒங்க பெரிய சார் கேட்டாவ. குடுத்துட்டேனே சார்" என்றார், கேட்டவருக்குக் கொடுக்காமல் இருப்பது எப்படி என்ற குரலில்.

அடுத்த திங்கட்கிழமைக் காலை எட்டு மணிக்கு என் வீட்டுக்கு வந்தார். நான் வரச் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் அழுதார். மூன்று நாளாகத் தூக்கமில்லை என்றார். அதுவும் உண்மையாகத்தான் இருக்கும். நான் பேனாவையும் தாளையும் எடுத்து வைத்தேன்.

"நடந்ததை எழுதிக் கொடுங்க அண்ணாச்சி. அது போதும்."

எழுத்து ஓடாது என்றவர் ஒரு பக்கம் எழுதினார். துறைத் தலைவர் கேட்டதால் லிங்க்கைத் தானே இணைக்கச் சொன்னதாகவும், புத்தகம் எழுதியவருக்குத் தெரிவிக்கத் தவறியதாகவும், அவர்மேல் எந்தத் தவறும் இல்லை என்றும் எழுதினார். தேதி போட்டார். கையெழுத்திட்டார். என் மனைவி காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு மகளின் பள்ளிக்கூடம் பற்றி விசாரித்தார். அவர் போன பிறகு என் மனைவி சொன்னாள்:

"இவ்வளவு நல்ல மனுசனப் போயி நாலு நாளாத் திட்டிக்கிட்டே கெடந்தியளே."

எனக்கும் வெட்கமாக இருந்தது. மறுநாள் பள்ளிச் சீருடைக்குத் துணி எடுக்கலாம் என்று பேசிக்கொண்டோம்.

செவ்வாய்க்கிழமை காலை கடிதத்தோடு முதல்வரிடம் போனேன். அவர் அதைப் பொறுமையாகப் படித்தார். வயதானவர், கடுமை இல்லாதவர். படித்து முடித்து மேசை இழுப்பறையைத் திறந்து இன்னொரு கடிதத்தை எடுத்து என்னுடையதன் பக்கத்தில் வைத்தார். அதே கையெழுத்து, அதே தேதி. திங்கட்கிழமை மாலை மேலகரத்தில் எழுதப்பட்டது. "இன்று காலை நான் எழுதிக் கொடுத்தது மனவருத்தத்தில் இருந்தவரைச் சமாதானப்படுத்துவதற்காக. அதில் உள்ளவை உண்மை அல்ல." காலையில் ஒரு கடிதம் எழுதப்பட்டது துறைத் தலைவருக்குத் தெரிந்திருக்கிறது. அதை அவரிடம் சொல்லியிருக்கக் கூடியவர் ஒரே ஒருவர்தான். துறைத் தலைவர் எதிரில் வந்து உட்கார்ந்து விசாரித்திருப்பார். இவரும் சொல்லியிருப்பார்.

"ரெண்டும் அவர் கையெழுத்துதானே?" என்றார் முதல்வர்.

"ஆமா சார்."

"இதுல நான் எதை எடுத்துக்கட்டும், சொல்லுங்க."

காலையில் எழுதியதுதான் உண்மை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அழுதார் சார் என்று சொல்லலாம். மாலையில் எழுதும்போதும் அழுதிருப்பார். செல்வியைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று சொல்லலாம். அவளுக்கு அந்த வேலையில்தான் அடுப்பு எரிகிறது. என்னிடம் வேறு எதுவும் இல்லை.

முதல்வர் இரண்டையும் ஒன்றாக மடித்தார். "எனக்கும் வருத்தம்தான். எதுவும் நிச்சயமா தெரியாதப்போ, அச்சுல பேர் போட்டவரைத்தான் நான் பிடிக்க முடியும்" என்றார்.

பெர்மனென்ட் ஆர்டர் வரவில்லை. பருவம் முடிந்ததும் என்னைத் திரும்பக் கூப்பிடவும் இல்லை. மதுரையில் ஒரு பயிற்சி நிலையத்தில் இடம் கிடைத்தது. மகளின் மாற்றுச் சான்றிதழை வாங்கப் போனபோது தலைமையாசிரியை, "சேர்ந்து ஒரு வருசம் ஆகலையே" என்றார்.

பல வருஷங்கள் நான் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஏன் என்னைக் கெடுக்க வேண்டும்? பகை கிடையாது, பொறாமை கிடையாது, என்னைக் கெடுத்து அவருக்கு ஆக வேண்டியது எதுவும் இல்லை. கோபத்தில் செய்திருந்தால், செய்கிற அந்த நேரத்திலாவது என்னை நினைத்திருப்பார். இங்கே இல்லாதவனுக்காக யோசிக்க வேண்டும் என்று நான் சொன்னபோது கண் கலங்கினாரே, அந்தக் கலக்கமும் எதிரில் நான் இருந்ததால் வந்ததுதான். கதவுக்கு வெளியே போய்விட்டால் நானும் அந்தப் போர்டைத் தொடப் போகும், முகம் தெரியாத மாணவர்களில் ஒருவன்.

கிளம்பியது 1986 சித்திரையில், ஒரு புதன்கிழமை. சாமான்களை லாரியில் அனுப்பிவிட்டு நாங்கள் மூவரும் தென்காசியில் மதுரை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம். நான் அவருக்குச் சொல்லவில்லை. யார் சொன்னார்களோ, வேர்க்க விறுவிறுக்க வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். கையில் மகளுக்கு ஒரு பொட்டலம் அல்வா.

"என்ன சார் இது, ஒரு வார்த்த சொல்லாம. எனக்கு இந்த ஊர்ல யாரு இருக்கா? நீங்க போனா எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி."

கண்ணில் நீர் நின்றது. துடைக்கவில்லை. நான் பேசக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் என்னை அறியாமல், "உடம்பைப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்று சொன்னேன். அவர் ஜன்னல் கம்பி வழியாக என் கையைத் தேடிப் பிடித்தார். பஸ் நகர்ந்தது. கொஞ்ச தூரம் கூடவே வந்தார்.

மகள் பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்துக் கை ஆட்டிக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் கையை இறக்கிவிட்டாள்.

"மாமா பாக்கலப்பா" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். வேட்டி கட்டிய யாரோ ஒருவர், கையில் ஒரு டேப் ரெக்கார்டரோடு அவரை நிறுத்தியிருந்தார். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முழு முகத்தையும் அந்த ஆள் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.